மீன் விளக்கு

சனி, ஞாயிறுகளில் ஊர் ஊராகப் போய்க் கைவினைச் சந்தையில் காகித விளக்கு விற்பவன் அவன். ஒரு பெண் வந்து, "என் விளக்கை எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றாள்.

"எதுங்க?"

"அந்த மீன் விளக்கு. 'விற்றுவிட்டது'ன்னு அட்டை தொங்குதே. வாங்கினது நான்தான்."

அவன் விளக்குக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். அந்த விளக்கை ஏற்றினால் போதும், சந்தைக்குள் தண்ணீர் புகுந்து, ஜனங்கள் மெதுவாக நீந்திப் போவதுபோல் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் அவன் அந்த வெளிச்சத்தில் வாழ்ந்தான். மீதி ஐந்து நாள் பஸ்ஸில் போனது.

"இதை ஒரு டாக்டரம்மா வாங்கிட்டாங்க."

"போன வாரம் வக்கீல்னீங்க."

"மேல படிச்சிருப்பாங்க."

"அதுக்கு முந்தின வாரம் கப்பல் கேப்டன்."

விளக்கை வாங்கினேன் என்று அவள் சொல்வது பொய் என்று அவனுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றுதான் சொல்ல முடியாது. அதை யாருமே வாங்கவில்லை. கொடுக்க மனம் வராமல் அவனே மாட்டிய அட்டை அது.

"கேக்காதீங்க. இது போச்சுன்னா நான் கடையே போட மாட்டேன்."

"அப்படி வாங்க வழிக்கு. விளக்கை நீங்களே வச்சுக்கங்க. அடுத்த ஊர்ல என் பக்கத்துல கடை போடுங்க. வெளிச்சம் என் மேலயும் கொஞ்சம் விழட்டும்."

"நீங்க?"

"எட்டு வாரமா உங்க எதிர்க்கடை. கம்பளிப் போர்வை."

அவன் அப்போதுதான் எதிர்ப்பக்கம் பார்த்தான். மடித்த போர்வைகளுக்கு நடுவே கடல் நிறத்தில் ஒன்று விரிந்து கிடந்தது.

"அந்த நீலம் என்ன விலைங்க?"

"அது வித்தாச்சு" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.