தையல் மெஷின் தவணை

“றம்லாவைக் கூப்பிடுங்கோ! தையல் மெஷின் தவணை எங்க?” கொழும்பிலிருந்து வந்த குரல் உறுமியது.

உட்துறைமுக வீதியில் அந்தப் பக்கம் இராஜநாயகத்தின் கடையில் மட்டும்தான் போன் இருந்தது. மூதூரிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த றம்லாவைத் தினமும் அவர்தான் கூப்பிட வேண்டும். ஓடி வருவாள். முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி மெல்லக் கதைப்பாள். போனை வைக்கும்போது கண் கலங்கியிருக்கும்.

இராஜநாயகத்தால் பொறுக்க முடியவில்லை. அடுத்த முறை குரல் உறுமியதும், “பொம்பிளைப்பிள்ளையை இப்பிடி வெருட்ட வெக்கமில்லையோ? மிச்சக் காசு எவ்வளவு, சொல்லும்!” என்று சீறினார். குரல் தடுமாறித் தொகையைச் சொன்னது. அன்றே மெஷின் கொம்பனிக்கு மணியோடர் போனது.

அதன்பின் அந்தக் குரல் வரவேயில்லை. றம்லாதான் வந்தாள்.

“ஐயா, எனக்குப் போன் கோல் வரல்லையா?”

“இனி வராது, பிள்ளை. முழுக் காசையும் நான் கட்டிட்டன். நீ ஆறுதலா, மெல்ல மெல்லத் தந்தாச் சரி.”

“அல்லாஹ்வே! ஏன் கட்டினீங்க?” றம்லா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். “அது என்ட மாப்பிள்ளை, என்னைக் கட்டினவர்! அந்தக் கொம்பனியில கடன்காரரை வெருட்டுறதுதான் அவருக்கு வேலை. கந்தோர் போனில வீட்டோட கதைக்க விடமாட்டாங்க. மனேசர் பக்கத்தில நிண்டா உறுமுவார், அங்கால போனதும் கண்ணில தண்ணி வர என்னைச் சிரிக்க வைப்பார். அதுக்குத்தான் நான் தவணை கட்டாம இருந்தன்.”

இராஜநாயகம் தலையைச் சொறிந்தார். பிறகு சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

“எழும்பு, பிள்ளை. அதே கொம்பனி தவணைக்கு றேடியோவும் குடுக்குதாம். பிணைக்கு நான் கையெழுத்து வைக்கிறன்.”