போடவா?

லிப்ட் பழுதுபார்க்கும் எங்களுக்கு ஒரு விதி உண்டு. ஒருவர் அடியிலுள்ள குழிக்குள் இறங்கியிருந்தால், மேலே நிற்பவர் "போடவா?" என்று கேட்க வேண்டும். உள்ளேயிருந்து "போடு" என்று குரல் வந்த பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். என் கூட்டாளி குழிக்குள் செத்த அன்று குரல் வந்தது என்றுதான் விசாரணையில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். அவன் மனைவிகூட நம்பினாள்.

அடுத்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று வயதானபோது, ஒரு சாயங்காலம் நான் கூடத்து விளக்கைப் போட்டேன். பொம்மையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அண்ணே, நான் இன்னும் போடச் சொல்லலையே."

கூட்டாளி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

அதன்பின் நான் எந்தச் சுவிட்சைத் தொட்டாலும் அதையே சொன்னாள். என் மனைவி தொட்டால் ஒன்றும் சொல்வதில்லை.

"எங்கயோ கேட்டுட்டு வந்து உளறுது. அஞ்சு வயசானா தானா மறந்துடும்" என்று மனைவி சிரித்தாள். மறக்கட்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன். நாள் நெருங்க நெருங்க, அவள் மறந்துவிட்டால் பிறகு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்ற வேறொரு பயம் பிடித்துக்கொண்டது.

ஐந்தாவது பிறந்தநாளன்று, பொழுது சாயும் நேரத்தில் அவள் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"நீ சொல்லலைதான். சாப்பாட்டு நேரமாச்சேன்னு நான் கேக்காமலே போட்டுட்டேன். என்னை மன்னிச்சிடு."

என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எதைப்பா?"

நான் எழுந்து சுவர்ப் பக்கம் போய் நின்றேன். அறை இருட்டிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் தெரியலைப்பா. லைட்டைப் போடு" என்றாள்.

விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது. அதை அழுத்த எனக்குக் கை வரவில்லை.