ஏழையைத் தேடி வந்தவள்

வருபவர் இருக்க இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளை வேலிக்கு மேலால் வாங்கினாள். பிறகு மேசை விசிறியை. எல்லாம் பக்கத்து வீட்டுக் கனகாம்பிகையிடம் இரவல். கடையில் ஒரு சோடாவும் வாங்கி வைத்தாள்.

வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் வேறு என்ன செய்வது?

வந்தவள் கணக்கெடுப்பு அதிகாரி. கையில் டேப்லெட். நாடு சீர்திருந்துகிறதாம். உண்மையான ஏழைகளைப் பொறுக்கி எடுத்து அவர்களுக்கு மட்டும் உதவிப் பணம் கொடு என்று கடன் தரும் வெளிநாட்டுக்காரர் சொல்லிவிட்டார்களாம்.

இந்த வீட்டுக்கு வரும் உதவிப் பணம் நின்றால் கணவன் வலிப்புக்கு விழுங்கும் குளிசையும் நிற்கும். போர் முடிந்த வருஷம் தலையில் ஏறிய ஷெல் துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

அதிகாரி விசிறிக்கு முன்னால் இருந்து சோடா குடித்தாள். குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தாள்.

கல்வீடு. ஆம்.

கதிரை. ஆம்.

மின்விசிறி. ஆம்.

கல்வீடு இன்னொரு வெளிநாடு கட்டிக் கொடுத்தது. வாசற்சுவரில் அந்த நாட்டின் பெயர் மாபிள் கல்லில் பெரிதாக இருக்கிறது. சுவருக்குப் பூச்சுப் பூசத்தான் அவர்களிடம் காசு இல்லாமல் போய்விட்டது.

"கதிரையும் விசிறியும் இரவல், பிள்ளை."

"வீட்டில இருக்கோ எண்டுதானம்மா கேள்வி. ஆற்ற சாமான் எண்டு கேக்கேல்லை."

கருவி ஒரு சத்தம் போட்டது. அவள் ஏழை இல்லை.

ஒரு நாடு வீட்டைக் கொடுக்கும். இன்னொரு நாடு அந்த வீட்டைக் காட்டிக் குளிசையைப் பறிக்கும். நடுவில் இந்தப் பெட்டை சோடா குடிக்கும்.

அதிகாரி சிரித்து விடைபெற்றாள்.

இரவல் வாங்கியவள் கதிரையும் விசிறியுமாக வேலிக்கு ஓடினாள்.

"கனகம், எல்லாத்தையும் மாட்டுக் கொட்டிலுக்க போடு. அவளை இருக்கச் சொல்லாத. ஒண்டும் குடுக்காத."

வேலி வேலியாக அந்தச் சொல் போனது.

அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் கதிரை இல்லை. அதிகாரி நின்றபடி கேட்டாள், நின்றபடி பதிந்தாள். ஏழாவது வீட்டில் வெயில் தாங்காமல் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

வீட்டுக்காரி கிணற்றுக் கட்டில் சாய்ந்து நின்றாள்.

"தண்ணி இல்லை, பிள்ளை."

வந்தவருக்கு அப்படிச் சொன்ன வீடு அந்த ஊரில் இருந்ததில்லை. சண்டைக் காலத்தில்கூட.

அதிகாரி கிணற்றைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

குடிநீர். இல்லை.

அந்த வீட்டுக்கு உதவி கிடைத்தது.