பதினெட்டாவது மனு

உடையம்மைக்கு மனு எழுதுகிற மொழி மட்டும்தான் தெரியும். இருநூறு வருஷத்துக்கு முன் பஞ்சத்தில் ஊருக்கு நெல் கேட்டு அவள் அனுப்பிய பதினேழு மனுக்களைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை. அவற்றிலிருந்துதான் அருங்காட்சியகத்தார் அவளை ஒளியுருவாக எழுப்பியிருந்தார்கள். ஒன்றுக்குக்கூடப் பதில் வந்ததாகப் பதிவில்லை.

தினமும் மாலை அருங்காட்சியக மேடையில் அவள் வெளிச்சமாக நிற்பாள். பணியாளர் செவ்வந்தி கட்டுப்பாட்டுப் பலகையில் கை வைத்திருக்கும்வரை நிற்பாள்.

அன்று காட்சி நடுவே, மேடைக்குப் பின்னால் தூளியில் கிடந்த செவ்வந்தியின் கைக்குழந்தை வீறிட்டது.

"கையை எடுத்துராத, ஆள் கரைஞ்சிருவா. அரை மணி நேரந்தானே, அழட்டும்" என்றார் மேலாளர் ஆரோக்கியம்.

செவ்வந்தியின் ரவிக்கை பால் சுரந்து நனைந்தது. உடையம்மை பேச்சை நிறுத்தினாள். கூட்டத்தை விட்டுவிட்டு மேலாளர் பக்கம் மெல்லத் திரும்பிக் கைகூப்பினாள்.

"மகாராஜராஜஸ்ரீ துரையவர்கள் சமூகத்துக்கு உடையம்மை எழுதிக்கொண்ட மனு. இவ்விடம் ஒரு பிள்ளை பசியாலே அழுகிறது. தாயார் கிட்டவே இருக்கிறாள். துரையவர்கள் தயவுசெய்து உத்தரவு கொடுக்கவேணும்."

அரங்கமே ஆரோக்கியத்தைப் பார்த்தது.

"போம்மா" என்றார் அவர் செவ்வந்தியிடம்.

செவ்வந்தி கையை எடுத்துவிட்டு ஓடினாள். கூப்பிய கையோடு உடையம்மை கரைந்துபோனாள்.

மறுநாள் மாலை மறுபடி எழுந்து நின்றாள். கைகூப்பவில்லை. செவ்வந்தியைப் பார்த்து, "புள்ள பசியாறிட்டானா?" என்று கேட்டாள்.