உப்புப் பார்க்காத இறைச்சி

பன்றி இறைச்சித் தட்டு போன மாதிரியே திரும்பி வந்தது. அதைக் கண்டதும் நிரோசினி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"ஒருத்தரும் தொடேல்லையோ?"

"இல்லை. ஆளாள் கை மாத்தி, கடைசியிலை என்னட்டையே தந்திட்டினம்," என்றான் அவளுக்கு உதவியாக, நகரத்துச் சீசாப் பகுதியிலிருந்து கூடவே வந்திருந்த கணவன் கிருபன்.

"உப்புக் கூடிப்போச்சுதோ தெரியேல்லை. ஒரு துண்டு வாயிலை போட்டுப் பாருங்கோவன்."

"நானும் விரதமெல்லே. நீர் பாக்கேல்லையோ?"

"நான் என்னெண்டப்பா பாக்கிறது?"

இத்தாலியில், சியாகுல்லி என்ற ஊரின் தோட்டங்களுக்கு நடுவே நாலைந்து ஜெர்மன் குடும்பங்கள் சேர்ந்து வாழும் இடம் அது. பாட்டன் காலத்து வழக்கப்படி மதியத்தில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து, பெரிய தட்டுகளைக் கைமாற்றி, வாய் திறக்காமல் சாப்பிடுவார்கள். புதிதாகச் சமைக்க வந்த நிரோசினிக்கு இன்று பரீட்சை. தேறினால் அங்கு மூத்த பெண்மணியான சிஞ்ஞோரா ஹெட்விக் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் நாட்டில் தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வழியே இல்லை.

என்ன சமைப்பது என்பதை அவளிடமே விட்டிருந்தார்கள். ஜெர்மன்காரர் என்றால் பன்றிதானே என்று அவளாகவே முடிவுகட்டி, பத்து நாள் போனில் வீடியோ பார்த்துப் படித்தாள். விரதமும் அதுவுமாக மூக்கைப் பொத்திக்கொண்டு விடியவிடிய வாட்டியும் எடுத்தாள். இவ்வளவு பாடும் வீண்தானா என்று நினைக்க அழுகை முட்டியது.

கதவிடுக்கால் எட்டிப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்து நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்குத் தட்டும் புளித்த முட்டைக்கோவாத் தட்டும் வழித்துத் துடைத்தபடி காலியாகக் கிடந்தன.

"மற்றதெல்லாம் முடிஞ்சுது. இறைச்சியிலைதான் பிழை," என்று முணுமுணுத்தாள்.

சிஞ்ஞோரா சமையலறைக்குள் வந்தார். கையில் ஒப்பந்தத் தாள் இரண்டாக மடிந்திருந்தது. திருப்பித் தரத்தான் வந்திருக்கிறார் என்று நிரோசினிக்குத் தோன்றியது. பொய் சொல்லித் தப்ப மனம் வரவில்லை.

"குறை நினைக்காதேங்கோ சிஞ்ஞோரா," என்றாள் தனக்குத் தெரிந்த இத்தாலியனில். "நான் உப்புப் பாக்காமல்தான் அனுப்பினனான். வெள்ளிக்கிழமையிலை நாங்கள் மச்சம் மாமிசம் வாயிலை வைக்கிறேல்லை."

சிஞ்ஞோரா தாளை மேசையில் விரித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவைத் திறந்தார்.

"நாங்களும்தான்."