லண்டன் விழிக்கும் நேரம்

லண்டன் சந்தை திறந்ததும் ஜப்பானின் யென் மதிப்பு சரியும். ஒசாகா கடைகளின் விலைப்பலகையில் அரிசி விலை தானாகவே ஏறும். லண்டனின் காலை இங்கே மாலை; அதனால் மாலையானால் விலை ஏறுமுன் வாங்கத் தெருவே ஓடும். குழலியும் பையோடு ஒகுடா அம்மாளின் கடைக்கு ஓடுவாள்.

அந்த அம்மாள் கெட்டிக்காரி. எல்லோரும் உள்ளே வந்ததும் வாசல் திரைச்சீலையைக் கழற்றிவிடுவாள். திரை இறங்கினால் கடை மூடியதாக அர்த்தம்; விலைப்பலகையும் அப்படியே நின்றுவிடும். பிறகென்ன, பழைய விலைக்கே அரிசி, ஆற அமரத் தேநீர், ஊர்க்கதை.

இன்று கணவன் மாறன் சிரித்தான். "லண்டன்ல இன்னிக்கு லீவு. விலை ஏறாது. எதுக்கு இப்படி ஓடுற? பையைக்கூட எடுக்கல!"

"டீ ஆறிடும்" என்று செருப்பை மாட்டினாள் குழலி.

கடையில் நிற்க இடமில்லை. ஒருவர் கையிலும் பை இல்லை. ஒகுடா அம்மாள் வழக்கம்போல் திரையைக் கழற்றினாள்.