ஐந்து டம்ளர் கோடு

“டீச்சரம்மா, அந்தக் கோட்டை அழிச்சிடு!”

மாத்திரைச் சீட்டு வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன பஸ் டிரைவர், செருப்பை மூலைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

“எந்தக் கோட்டைங்க?” மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்த மனைவி கேட்டாள்.

“ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கே, உன் அசமன்பாடு. அதைத்தான்!”

இரண்டு வருடமாக அந்த வரைபடத்தாள்தான் வீட்டை ஆண்டது. இதயம் பலவீனம், ஒரு நாளைக்குக் குடிப்பது ஐந்து டம்ளருக்கு மேல் போனால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, கணக்கு டீச்சரான அவள் சொல்லச் சொல்ல அவர் வரைந்தது. கிடையச்சில் தண்ணீர், நிலையச்சில் டீ, சூப் வகையறா. இரண்டும் சேர்ந்து ஐந்தைத் தாண்டக்கூடாது; அதுதான் அசமன்பாடு. பயத்தில் அவர், ஐந்தையே தொடக்கூடாது என்கிற மாதிரி, புள்ளிக்கோடு போட்டுவிட்டார்.

“அட ராமா! சரியா அஞ்சு குடிக்கலாம்ல? அப்ப கோடும் சேர்த்திதான். முழுக்கோடு போடுங்க. இருக்கறதே அஞ்சு, அதுலயும் கஞ்சத்தனமா?”

இரண்டுக்கும் பூஜ்யம் போட்டு எந்தப் பக்கம் ஆபத்தில்லை என்று சரிபார்த்து, கோட்டுக்குக் கீழே பச்சைப் பென்சிலால் நிழலிட்டார். அன்றாடம் ஒரு புள்ளி வைப்பது அவர் வேலை. ஒரு புள்ளிகூட வெளியே போனதில்லை. தாகம் தாங்காமல் அவள் ஈரத்துணியை உறிஞ்சியதைப் பார்த்துவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார்.

“டாக்டர் என்னதான் சொன்னார்?”

“இனிமே அளவே வேண்டாமாம். ஆசைப்பட்டதைக் குடிக்கட்டும்னார். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.”

“வேற எதுவும் சொல்லலையா?”

“வேற என்னடி சொல்லணும்? நீ தேறிட்டே, அவ்வளவுதான்!”

அவள் ஃப்ரிட்ஜைக் கைகாட்டினாள்.

“அந்தத் தாளையும் பென்சிலையும் கொண்டாங்க. கோடு இல்லேன்னா தாள் முழுக்க நிழலிடணும்.”

மூலை வரைக்கும் தீட்டினாள். அவர் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார்.

“இரு, ஐஸ் வாங்கிட்டு ஓடி வரேன். ஜில்லுனு வயிறு முட்டக் குடி!”

கதவு சாத்தியதும் அவள் போனை எடுத்தாள்.

“டாக்டர், ரொம்ப நன்றி. நான் கெஞ்சிக் கேட்டுக்கிட்ட மாதிரியே அதை மட்டும் சொல்லியிருக்கீங்க. இனி எந்த மருந்தும் கேட்காதுன்னு, செக்கப் அன்னைக்கு அவரை வெளியே உட்கார வெச்சுட்டு எங்கிட்ட சொன்னீங்களே... அதை நானே அவர்கிட்ட சொல்லிக்கிறேன்.”

முழுக்கப் பச்சையான தாளை மடியில் வைத்து நீவிவிட்டாள்.

“இன்னிக்கு வேண்டாம் டாக்டர். இன்னிக்கு அவர் ஐஸ் வாங்கப் போயிருக்கார்.”